துரைக்கு எறும்பு, கூலிக்குக் கொசு



பூச்சிகளைப் பற்றிக் கேட்பதற்காகக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு மண்டபம் நிறையும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வேலந்தாவளத்திலிருந்தும் வண்ணாமடையிலிருந்தும் மீனாட்சிபுரத்திலிருந்தும் வந்திருக்கிறீர்கள். மறையூர், காந்தளூர் நண்பர்களும் வந்திருக்கிறார்கள். இடுக்கியிலிருந்து பாலக்காட்டுக்கு வர அவர்கள் சின்னாறு தாண்டி, உடுமலை, பொள்ளாச்சி என்று தமிழ்நாட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கிறார்கள். நம் எல்லை அப்படிப்பட்டது. கோடு போட்டவர்களுக்கு மலை தெரியாது, மலைக்குக் கோடு தெரியாது. நான் இன்று பேசவிருக்கும் உயிர்களுக்கு இரண்டும் தெரியாது.

தலைப்பு இதுதான்: கூட்டமாக வந்து கொல்லும் சிற்றுயிர்கள். கதையில், சினிமாவில், இளைஞர்கள் விடிய விடிய ஆடும் விளையாட்டுகளில் இவை எப்படி வருகின்றன? நம் மலையில் எப்படி வருகின்றன? இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம்? அந்தத் தூரம் எப்படி வந்தது?

முதலில் பயத்திலிருந்து தொடங்குவோம். காட்டுப்பாதையில் புலி எதிரே வந்தால் என்ன செய்வோம்? நடுங்குவோம். ஓடுவோம். மரம் ஏறுவோம். கதாநாயகனாக இருந்தால் சுடுவோம். புலிக்கு ஒரு கழுத்து இருக்கிறது, இரண்டு கண் இருக்கிறது, குறி வைக்க ஓர் இடம் இருக்கிறது. பத்தாயிரம் எறும்பு வந்தால்? எங்கே குறி வைப்பது? எந்தக் கண்ணைப் பார்த்து மிரட்டுவது? ஆயிரத்தைக் கொன்றாலும் மீதி ஒன்பதாயிரத்துக்கு அந்தச் செய்தியே போய்ச் சேராதே!

இந்த இடத்தை விளையாட்டு செய்கிறவர்கள் நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை இங்கே சிலர் ஆடியிருப்பீர்கள். காகிதமும் பென்சிலும் பல முகப் பகடையும் வைத்து ஆடுவது. அதில் பூச்சிக் கூட்டத்துக்கென்று தனி விதி உண்டு. இன்று புழங்கும் பதிப்பில், கத்தியால் வெட்டினாலும் ஈட்டியால் குத்தினாலும் கூட்டத்துக்குப் பாதிச் சேதம்தான். அதைப் போலவே, கூட்டத்தின் உயிர் பாதியாகக் குறைந்தால் அது நம்மைக் கடிக்கும் கடியும் பாதியாகிவிடும். யோசித்துப் பாருங்கள், எவ்வளவு கூர்மையான கவனிப்பு! ஒரு புலி பாதி உயிரோடு இருந்தாலும் முழுப் புலியாகத்தான் பாயும். பாதிக் கூட்டம் பாதிக் கூட்டம்தான்.

சரி, விளையாட்டை விடுங்கள். நம் மலையில் படை எடுத்து வந்து, நின்ற இடத்தில் ஆளைக் கொல்லக்கூடிய சிற்றுயிர் எது? கதண்டு ஒன்று. அதைவிடப் பெரிய படை மலைத்தேனீ. உயர்ந்த மரக்கிளையிலும் பாறை விளிம்பிலும், இப்போதெல்லாம் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும், ஒற்றை அடையாகக் கட்டித் தொங்கும் பெருந்தேனீ. அது ஒரு தடவை கொட்டினால் கொடுக்கு நம் தோலிலேயே தங்கிவிடும். அதோடு ஒரு வாசனையும் தங்கும், வாழைப்பழத்தை ஒத்த வாசனை. அடுத்த தேனீக்கு அதுவே வழிகாட்டி. இங்கே கொட்டு, இங்கேயே கொட்டு என்று அந்த வாசனை சொல்லிக்கொண்டே இருக்கும். முதல் கொட்டு வாங்கியவர் கையை வீசினால் நூறாவது கொட்டும் அவருக்குத்தான்.

இப்படிப்பட்ட உயிரோடு பறம்பிக்குளத்துக் காடர்கள் எத்தனை தலைமுறையாகப் பழகி வருகிறார்கள்! தேன்மரம் அவர்களுக்குத் தெரியும், பருவம் தெரியும். நிலா இல்லாத இரவில் புகையும் பந்தத்தோடு ஏறுவார்கள். பந்தத்தைத் தட்டினால் தீப்பொறி கீழே உதிரும். தேனீ அந்தப் பொறியைத் துரத்திக்கொண்டு கீழே போகும். ஆள் மேலே இருப்பார். பத்து மாடி உயரத்தில் நின்றுகொண்டு ஒரு படையின் கவனத்தை நான்கு பொறியால் திருப்புகிற மனிதனை எந்த ஹாலிவுட் படம் காட்டியிருக்கிறது? அங்கே வருகிறவன் தீ எறிகுழாயோடு வருவான், காட்டையே கொளுத்திவிட்டுப் போவான்.

1978இல் 'தி ஸ்வார்ம்' என்று ஒரு படம் வந்தது. ஆப்பிரிக்கத் தேனீக் கூட்டம் அமெரிக்காவின் ஊர்களை அழிக்கிறது. ராணுவம் வருகிறது, விஞ்ஞானி வருகிறார், கடைசியில் கடலில் எண்ணெய் ஊற்றிக் கொளுத்துகிறார்கள். அதில் தேனீக்கு மனிதன் மேல் ஏதோ பரம்பரைப் பகை. நிஜத்தில் தேனீ நம்மைத் தேடி வருவதில்லை. நாம் கல்லெறிகிறோம், புகை போடுகிறோம், அடைக்குக் கீழே அடுப்பு மூட்டுகிறோம். இல்லாவிட்டால் பருந்து போய் இடிக்கிறது. பகை என்பது நாம் எழுதிச் சேர்த்த வசனம்.

இப்போது கொஞ்சம் கடல் தாண்டிப் போவோம். 1905இல் ஹெச்.ஜி. வெல்ஸ் 'எறும்புகளின் பேரரசு' என்று ஒரு சிறுகதை எழுதினார். அமேசான் ஆற்றுப் பகுதியில் புது வகை எறும்பு ஊரைப் பிடித்துவிட்டது. அதை ஒடுக்க அரசு என்ன அனுப்புகிறது தெரியுமா? பீரங்கிப் படகு! படகுத் தலைவன் கரையைப் பார்க்கிறான். ஊரில் ஆள் இல்லை, எறும்பு இருக்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் தவித்து, கடைசியில் பெரிய பீரங்கியைக் கரையை நோக்கி வெடித்துவிட்டுத் திரும்பிப் போகிறான். சிரிப்பு வருகிறதல்லவா? அரசுகள் நடந்துகொள்ளும் விதத்தை வெல்ஸ் அறிந்தவர்.

அடுத்த கதையில் இந்தச் சிரிப்பு கிடையாது. 1938 டிசம்பரில் அமெரிக்காவின் 'எஸ்கொயர்' பத்திரிகையில் வந்தது, கார்ல் ஸ்டீபன்சன் எழுதியது, பெயர் 'லைனிங்கனும் எறும்புகளும்' என்று வைத்துக்கொள்ளலாம். பிரேசிலில் ஒரு தோட்டம். அதன் முதலாளி லைனிங்கன். பத்து மைல் நீளம், இரண்டு மைல் அகலத்தில் எறும்புப் படை வருகிறது. ஓடிப்போங்கள் என்கிறார் அதிகாரி. லைனிங்கன் மறுக்கிறார். தோட்டத்தைச் சுற்றி அகழி வெட்டியிருக்கிறார். உள்ளே இன்னொரு கால்வாய், அதில் பெட்ரோல். 400 தொழிலாளிகள் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிற்கிறார்கள். எறும்பு அகழியைக் கடக்கிறது. பெட்ரோலாலும் அதை நிறுத்திவைக்க முடியவில்லை. கடைசியில் முதலாளி தாமே உடம்பெல்லாம் எறும்பு மொய்க்க ஓடி, அணையைத் திறந்து, தோட்டத்தை மூழ்கடித்து எல்லோரையும் காப்பாற்றுகிறார்.

கதை என்னவோ அபாரமான கதை. வேகம் என்றால் அப்படியொரு வேகம். 1954இல் 'தி நேக்கட் ஜங்கிள்' என்று சார்ல்டன் ஹெஸ்டன் நடித்துப் படமாகவும் வந்தது. இன்று சினிமாவிலும் விளையாட்டிலும் நீங்கள் பார்க்கும் எறும்புப் படைகளில் பாதி அந்தக் கதையின் பேரன் பேத்திகள். ஆனால் தென் அமெரிக்காவின் படை எறும்பு உண்மையில் மனிதனைத் தின்று எலும்பாக்குவதில்லை. அதன் முன்வரிசை மிக மெதுவாகத்தான் நகர்ந்து வரும். நாலு எட்டு ஒதுங்கி நின்றால் போதும். ஆப்பிரிக்காவில் ஓட்டெறும்புக் கூட்டம் வந்தால் சில ஊர்களில் வீட்டைத் திறந்துபோட்டுவிட்டு வெளியே உட்கார்ந்துகொள்வார்களாம். எறும்பு உள்ளே போய்க் கரப்பான், எலி எல்லாவற்றையும் காலி செய்துவிட்டுப் போகும். கூலி வாங்காத சுத்தம்!

நண்பர்களே, இங்கே சற்று நிற்போம். அந்தக் கதையில் யார் வீரன்? தோட்ட முதலாளி. யார் எதிரி? எறும்பு. 400 தொழிலாளிகள் யார்? பெயரில்லாதவர்கள். சொன்ன இடத்தில் நிற்பவர்கள்.

அந்தக் கதை அச்சான அதே காலத்தில், இந்த மண்டபத்தின் மாடியில் ஏறினால் தெற்கே தெரியும் மலைகளுக்குப் பின்னால் என்ன நடந்துகொண்டிருந்தது? ஒரு பக்கம் பறம்பிக்குளம், இன்னொரு பக்கம் மூணாறு மலைகள், நடுவில் வால்பாறை. காட்டை வெட்டித் தேயிலை வைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் தோட்ட முதலாளி இருந்தார், அவருக்குப் பெயர் துரை. அங்கேயும் தொழிலாளிகள் இருந்தார்கள், அவர்களுக்குப் பெயர் கூலி. அங்கேயும் ஒரு சிற்றுயிர்ப் படை இருந்தது. பத்து மைல் நீளத்துக்கு வரவில்லை, ஒவ்வொன்றாக வந்தது. பகலில் அட்டை, அந்திக்குக் கொசு.

இந்தத் தேயிலைமலைக் கதையை எழுதியவர் ஒரு மருத்துவர், பி.ஹெச். டேனியல். வால்பாறை எஸ்டேட் மருத்துவமனையில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். முதிய தொழிலாளர்கள் சொல்லக் கேட்டதையெல்லாம் சேர்த்து 'ரெட் டீ' என்ற ஆங்கில நாவலாக 1969இல் வெளியிட்டார். இரா. முருகவேள் அதைத் தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று தந்தார். பாலாவின் 'பரதேசி' படம் 2013இல் வந்ததே, அதற்கு அடிப்படை அந்த நாவல்தான்.

நாவலில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து கருப்பனும் வள்ளியும் கிளம்புகிறார்கள். மேஸ்திரி முன்பணம் கொடுக்கிறான். அங்கே பஞ்சம், இங்கே வேலை. மலை ஏறிய பிறகுதான் தெரிகிறது, முன்பணம் தீராமல் இறங்க முடியாது என்று. மழை, குளிர், காலில் அட்டை, குடியிருக்கும் பாடியில் ஈரம். ஒவ்வொருவராகக் காய்ச்சலில் படுக்கிறார்கள். குளிர் வந்து உடம்பைத் தூக்கிப் போடும், பிறகு கொதிக்கும், பிறகு வியர்க்கும், ஒருநாள் விட்டு மறுபடி வரும். எழுந்து கொழுந்து கிள்ளப் போனால் கூலி உண்டு, படுத்தால் இல்லை. கடன் மட்டும் படுக்காது.

இதில் கொசு எங்கே வந்தது? காட்டுக்குள் கொசு எப்போதும் இருந்ததுதானே? இருந்தது. ஆனால் மலைக்காய்ச்சல் என்ற மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் வகையில் ஒன்று, மெல்ல ஓடுகிற, ஓரத்தில் புல் முளைத்த, வெயில் படுகிற தெளிந்த ஓடையில் முட்டையிடும். சாக்கடை அதற்கு வேண்டாம். காட்டை வெட்டினால் என்ன ஆகும்? நிழலில் கிடந்த ஓடைக்கு வெயில் வரும். கரையில் புல் வரும். கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்தாயிற்று. பிறகு அந்த ஓடைக்குப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான மனிதர்களைக் கொண்டுவந்து பாடியில் அடைத்தார்கள். கொசுவுக்குச் சோறும் போட்டாயிற்று. பழைய எஸ்டேட்டுகளில் நடந்து பாருங்கள். பங்களா பெரும்பாலும் மேட்டில் இருக்கும், பாடி பெரும்பாலும் தாழ்வில் இருக்கும்.

அந்தக் காலத்தில் காரணம் தெரியாதே, பாவம் என்று யாராவது சொல்லலாம். தெரியாதா? ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது 1897 ஆகஸ்ட் 20. கண்ட இடம் லண்டன் இல்லை, செகந்திராபாத். அதற்குச் சில மாதம் முன்பு நீலகிரியில், சீகூர் மலைப்பாதைப் பக்கம் போய், அவரே மலேரியாவில் விழுந்து எழுந்திருந்தார். ஆகவே 1920களில் எல்லாம் தெரியும். கொசுவலை தெரியும், கொயினா தெரியும், தேங்கிய நீரில் எண்ணெய் விடத் தெரியும். லைனிங்கன் எறும்புக்காக அகழி வெட்டினார், பெட்ரோல் ஊற்றினார், அணையைத் திறந்தார். ஏன்? எறும்பு வந்தால் தோட்டம் போகும், முதலாளியும் போவார். கொசு வந்தால்? கூலி போவான். மேஸ்திரி அடுத்த பஞ்சத்தில் வேறு ஆள் கொண்டுவருவான்.

எனக்குத் தெரிந்தவரை, சிற்றுயிர்ப் படையைப் பற்றி எழுதப்பட்டவற்றில் உண்மைக்கு மிக அருகில் நிற்பது டேனியலின் நாவல். அதை யாரும் பூச்சிக் கதை என்று சொல்வதில்லை. சொல்லவேண்டும் என்பது என் கட்சி.

மலையாளத்திலும் இது உண்டு. எஸ்.கே. பொற்றெக்காட்டின் 'விஷகன்யகா' 1948இல் வந்தது. திருவிதாங்கூரிலிருந்து மலபார்க் காட்டில் நிலம் தேடிப் போன குடியேறிகளை மலேரியாவும் காட்டுப்பன்றியும் சேர்ந்து தோற்கடிக்கிற கதை. நிலம் அழகி, விஷ அழகி. 'ரெட் டீ' வந்த அதே 1969இல், நம் தசராக்கை வைத்து ஓ.வி. விஜயன் 'கசாக்கின் இதிகாசம்' நாவலைத் தந்தார். அங்கே வைசூரி ஊரை அரிக்கிறது, தும்பிகளோ செத்தவர்களின் நினைவுகளாகப் பறக்கின்றன. இங்கிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய ஊரில் தும்பிக் கூட்டத்துக்கு இப்படியும் ஓர் அர்த்தம் கிடைத்திருக்கிறது. பூச்சிக் கூட்டம் என்றாலே எதிரி என்று எழுதத்தான் வேண்டுமா என்ன?

தமிழ் சினிமாவுக்கு வருவோம். 'எந்திரன்' நினைவிருக்கிறதா? 2010. கதாநாயகியைக் கடித்த கொசுவைச் சிட்டி ரோபோ தேடிப் பிடித்து வந்து மன்னிப்புக் கேட்க வைக்கும். கொசுவுக்கு ரங்குஸ்கி என்று பெயர். தியேட்டரே சிரித்தது. உலகில் இன்றும் ஆண்டுக்கு ஏறக்குறைய 6 லட்சம் பேர் மலேரியாவில் சாகிறார்கள், பெரும்பாலும் ஆப்பிரிக்கக் குழந்தைகள். இந்தப் பூமியில் மனிதனை இவ்வளவு கொன்ற விலங்கு வேறில்லை. அது நமக்கு நகைச்சுவைக் காட்சி. வெட்டுக்கிளி யாரையும் கடிக்காது, அது நமக்கு உச்சக்காட்சி! ஏன் இப்படி? வெட்டுக்கிளி வானத்தை மறைக்கும், கேமராவுக்குத் தெரியும். கொசு ஒருவர் ஒருவராக, வீடு வீடாக, பத்து நாள் கழித்துக் கொல்லும். சினிமாவுக்குப் பத்து நாள் காத்திருக்க முடியாது.

'காப்பான்' படம் பார்த்தோம், 2019. சூர்யா நடித்தது. நம் ஊர்க்காரர்களுக்கு இரட்டை மகிழ்ச்சி, மோகன்லால் பிரதமராக வந்தார். அதில் டெல்டா வயல்களில் ஒரு பெருமுதலாளியின் சதியால் வெட்டுக்கிளியை அவிழ்த்துவிடுகிறார்கள். மறு ஆண்டே, 2020 கோடையில், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் என்று நிஜமாகவே பாலைவன வெட்டுக்கிளி வந்து இறங்கியது. படத்தின் காட்சி கைப்பேசி கைப்பேசியாகச் சுற்றியது. அன்றைக்கே சொன்னார்கள் பார்த்தாயா என்றார்கள் எல்லோரும்.

நிஜத்தில் யார் அவிழ்த்துவிட்டார்கள்? 2018இல் மெகுனு, லுபான் என்று இரண்டு புயல்கள் அரபு நாட்டின் வெறும் மணற்காட்டில் மழை கொட்டின. மணல் நனைந்தது, பச்சை முளைத்தது. தனித்தனியே திரிந்த வெட்டுக்கிளி நெருங்கியது. நெருங்கி ஒன்றையொன்று உரசிக்கொண்டால் அதன் நிறமே மாறும், குணமே மாறும், கூட்டமாகும். ஒரு சதுர கிலோமீட்டர் கூட்டத்தில் 8 கோடி வரை இருக்கலாம். ஒரே நாளில் 35,000 பேரின் சாப்பாடு தீரும். அங்கே வில்லனும் இல்லை, ரகசிய ஆய்வுக்கூடமும் இல்லை. இரண்டு மழை, கவனிக்க ஆளில்லாத ஒரு பாலை, அவ்வளவே. கதைக்கு மட்டும் யாராவது ஒருவர் பொத்தானை அழுத்தியாக வேண்டும்.

இப்போது நம் வீட்டுக்கே வருகிறேன். மண்ணார்க்காட்டுக்காரர்கள், வடக்கஞ்சேரிக்காரர்கள், தொடுபுழைப் பக்கம் பெண் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். முப்ளி வண்டு தெரியுமா? தலையாட்டுகிறார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலையாளத்தில் ஓட்டெருமை என்பார்கள். கறுப்பாக, அரிசியைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு வண்டு. திருச்சூர் மாவட்டத்து முப்ளியம் பக்கத்தில் பெயர் பெற்றதால் இந்தப் பெயர். கோடையில் முதல் மழை விழுந்த அந்தியில் ரப்பர்த் தோட்டத்திலிருந்து கிளம்பும். விளக்கு எரிகிற வீட்டைத் தேடி வரும். எத்தனை? கோழிக்கோடு தேவகிரிக் கல்லூரி ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்: ஒரு வீட்டுக்கு 5 லட்சத்திலிருந்து 40 லட்சத்துக்கு மேல்! ஓட்டுக்கு அடியில், மச்சில், சுவர் இடுக்கில், படுக்கையில், சோற்றுப் பானையில். நசுக்கினால் நாற்றம், அதன் நீர் பட்ட இடம் எரியும், கொப்பளிக்கும். வந்தது போகுமா? போகாது. மாதக்கணக்கில் அப்படியே உறங்கிக் கிடக்கும்.

2019இல் 'எ பிளேக் டேல்' என்று ஒரு விளையாட்டு வந்தது, பிரெஞ்சுக்காரர்கள் செய்தது. பதினான்காம் நூற்றாண்டு பிரான்சில் எலிக்கூட்டம். ஒரே திரையில் 5,000 எலி. வெளிச்சத்தைக் கண்டால் அவை ஒதுங்கும், பந்தம் அணைந்தால் ஆள் காலி. ஆடிப் பார்த்தேன், கை வியர்த்தது. ஆனால் முப்ளி வண்டு வந்த வீட்டில் விதி தலைகீழ். அங்கே விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பதுதான் தற்காப்பு. குழந்தை இருட்டில் சாப்பிடும், பாட்டி இருட்டில் செபம் சொல்வார். எனக்கு இந்தக் காட்சி எலியைவிடப் பயமாக இருக்கிறது. இத்தனைக்கும் அந்த வண்டு யாரையும் கொல்வதில்லை.

அது ஏன் பெருகியது? உதிர்ந்த ரப்பர் இலை அதன் உணவு, குறிப்பாக முதிராமல் உதிரும் இளந்தளிர். காட்டில் நூறு வகை மரம் நூறு சமயத்தில் இலை உதிர்க்கும். ரப்பர்த் தோட்டத்தில் ஒரே மரம், ஒரே சமயம், மைல் கணக்கில் பந்தி விரிப்பு. வண்டு என்ன செய்யும்? உட்கார்ந்து சாப்பிடும்.

அதே ரப்பர் மரத்தில் இன்னொன்றும் நடந்தது. 2006, 2007இல் சிக்குன்குனியா வந்ததே, மறந்திருக்க மாட்டீர்கள். கோட்டயம், பத்தனம்திட்டை, இடுக்கி அடிவாரம் எல்லாம் மூட்டு மூட்டாக மடங்கிக் கிடந்தன. அதைப் பரப்பிய ஏடிஸ் கொசு எங்கே முட்டையிட்டது? பால் எடுக்காத மழைக்காலத்தில் மரத்திலேயே தொங்கிய சிரட்டைகளில். ஒரு மரத்துக்கு ஒரு சிரட்டை, ஒரு சிரட்டைக்கு ஒரு கை தண்ணீர். பிறகுதான் சுகாதார ஊழியர்கள் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்னார்கள், சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள் என்று. இந்தப் போரில் ஆயுதம் அதுதான். வெல்ஸ் அனுப்பிய பீரங்கிப் படகு இங்கே எதற்கு ஆகும்?

கடைசியாக, உண்மையான எறும்புக்கு வருகிறேன். ஏனென்றால் லைனிங்கனின் எறும்பு கற்பனையே தவிர, எறும்புக்குப் பயந்து மனிதர் இடம்பெயர்ந்தது கற்பனை இல்லை. திண்டுக்கல் மாவட்டம், நத்தம் பக்கம், கரந்தமலை. 2022இல் அந்த மலையடிவாரத்து ஏழு ஊர்களில் மஞ்சள் பைத்திய எறும்பு பரவிய செய்தி உலகப் பத்திரிகைகள் வரை போனது. பைத்தியம் என்று அதற்குப் பெயர் வந்தது அது தாறுமாறாக ஓடுவதால். அது கடிக்காது, கொட்டாது. ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். ஆட்டின் கண்ணில், மாட்டின் கண்ணில், பாம்பின் மேல். ஆடுகளுக்குப் பார்வை போனது. மேய்ச்சலுக்கு மலையடியில் தங்கியிருந்தவர்கள் கிளம்பிப் போனார்கள். காலை வைத்தால் நிமிடத்தில் ஏறிக்கொள்கிறது, தண்ணீர்கூடக் குடிக்க முடியவில்லை என்றார்கள். போடியிலிருந்து, கம்பத்திலிருந்து ஏறி வரும் இடுக்கி நண்பர்களுக்கு அது தூரத்து ஊரில்லை.

இதே எறும்பு இந்தியப் பெருங்கடலில் கிறிஸ்துமஸ் தீவில் கோடிக்கணக்கான சிவப்பு நண்டுகளைக் கொன்றது. கண்ணில் அமிலம் பட்டுக் குருடாகி, நீர் வற்றிச் செத்தன. பல ஆண்டு ஹெலிகாப்டரிலிருந்து விஷ உணவு தூவிப் பார்த்தார்கள். குறையும், மறுபடி ஏறும். பிறகுதான் வேறொரு கேள்வி கேட்டார்கள்: இந்த எறும்புக்கு இத்தனை சோறு யார் போடுகிறார்கள்? பார்த்தால் மரக்கிளையில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் செதிற்பூச்சி. அது கழிக்கும் இனிப்பு நீர்தான் எறும்பின் பந்தி. 2016 டிசம்பரில் மலேசியாவிலிருந்து ஒரு சின்னஞ்சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், 2 மில்லிமீட்டர் நீளம். அது எறும்பைத் தொடாது, மனிதனைக் கொட்டாது. செதிற்பூச்சிக்குள் முட்டையிடும். எதிரியைத் தொடாமல் எதிரியின் சமையற்கட்டைப் பூட்டுகிற வேலை! எந்தக் கதாசிரியனுக்கு இது தோன்றியது? ராணியைக் கொல், கூட்டம் சாகும் என்றுதானே இத்தனை நாளும் எழுதினார்கள்?

ஒருவருக்கு ஓரளவு தோன்றியது. போலந்து எழுத்தாளர் ஸ்தனிஸ்லாவ் லெம், 1964இல், 'தி இன்வின்சிபிள்' நாவலில். வேற்றுக் கோளில் ஈயளவு உலோகத் துணுக்குகள் மேகமாகத் திரள்கின்றன. அவற்றுக்குப் பகை இல்லை, திட்டம் இல்லை, ராணி இல்லை. அணு ஆயுதத்தோடு போன கப்பல் தோற்கிறது. அழிக்காமல் விட்டுவிட்டுப் போய்விடலாம் என்ற முடிவுக்கு வருகிறான் ஒரு மாலுமி. நல்ல நாவல், தேடிப் படியுங்கள்.

சரி, கோயம்புத்தூரில் கணினி படிக்கிற பிள்ளைகள் இங்கே பலர் இருக்கிறீர்கள். விளையாட்டு செய்யப் போகிறேன் என்று வாசலில் ஒரு தம்பி சொன்னார். தம்பி, ஒன்று செய்யுங்கள். 1930, ஆனைமலை, ஒரு தேயிலைத் தோட்டம். ஆடுகிறவர் துரை இல்லை, கருப்பனோ வள்ளியோ. கையில் துப்பாக்கி கிடையாது, கொழுந்துக் கூடையும் படங்குச் சாக்கும்தான். திரையின் மூலையில் உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டுவார்களே, அந்த இடத்தில் மேஸ்திரிக்குத் தரவேண்டிய கடன் ஓடட்டும். அந்தி விழும்போது ஆடுகிறவர் முடிவு செய்யவேண்டும்: ஓடைக் கரைப் புல்லை இன்று வெட்டுவதா, விறகு பொறுக்குவதா? இரண்டுக்கும் வெளிச்சம் போதாது. கொயினா வேண்டுமானால் மருத்துவமனை வரிசையில் நிற்கவேண்டும், நின்றால் அரைநாள் கூலி போகும், கடன் ஏறும். பக்கத்துப் பாடிக்காரருக்குக் காய்ச்சல் கண்டால் அவரைக் கடித்த கொசு உங்களையும் கடிக்கும், ஆகவே அவருக்கு மருந்து வாங்குவதும் உங்கள் ஆட்டத்தில் சேர்த்தி.

கொசுவை அடிப்பதற்கு மட்டும் பொத்தான் வைக்காதீர்கள் தம்பி. வைத்தால், ஆடுகிறவர் ஓடையையும் பார்க்க மாட்டார், கடனையும் பார்க்க மாட்டார், விடிய விடிய அதையே அழுத்திக்கொண்டிருப்பார்.

மறையூர் நண்பர்கள் பொள்ளாச்சி வண்டியைப் பிடிக்கவேண்டும், அவர்களுடைய கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்வோம்.